மூன்று டிரம் மல்லிகை

நம் சுங்கத்துறைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி சென்ற வாரம் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மேடம், உங்க சர்வீஸ்ல ரொம்ப கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கஷ்டமான வழக்குகள் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. கஷ்டம் என்று முன்பே தெரிந்ததால் அவற்றையெல்லாம் விழித்துக்கொண்டு பார்த்திருப்பேன் போலிருக்கிறது. என்னை இன்றைக்கும் விடாமல் பிடித்திருப்பது மிகச் சுலபமாக முடிந்த வழக்கு. ஒரே பிற்பகலில், இரண்டு டீ குடித்து, அதை நான் முடித்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்சம் கனவில் நடக்கிற ஆசாமி. கொரட்டூரில் இறங்க வேண்டியவள் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் அம்பத்தூரில்தான் கண்ணைத் திறப்பேன். அலுவலகத்தில் இதை வைத்து என்னை ஓட்டாத ஆள் கிடையாது. ஆனால் என் ஃபைல்கள் பிசிறில்லாமல் இருக்கும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்ளடங்கிய தெரு ஒன்றில் வாசனை மெழுகுவத்தி செய்யும் ஒரு கம்பெனி இருந்தது. அறுபது பெண்கள் வேலை பார்த்தார்கள். செய்வது அத்தனையும் வெளிநாட்டுக்குப் போகும். அதற்கான மல்லிகை வாசனை எண்ணெய் வெளிநாட்டிலிருந்து டிரம் டிரம்மாக வரும். ஏற்றுமதிக்காக என்பதால் அதற்கு வரி கிடையாது. ஒரே நிபந்தனை, வந்த எண்ணெய் முழுவதும் மெழுகுவத்தியாக மாறித் திரும்பக் கப்பலேற வேண்டும். உள்ளூரில் விற்றால் குற்றம். இத்தனை மெழுகுவத்திக்கு இத்தனை எண்ணெய்தான் ஆகும் என்று ஓர் அளவும் உண்டு. துறைக்குள் இருக்கும் உங்களுக்கு இது அரிச்சுவடி. உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டுமே என்று சொல்கிறேன்.

அந்த அளவின்படி பார்த்தால் அங்கே மூன்று டிரம் எண்ணெயைக் காணவில்லை. அளவுக்கு மேல் செலவாகியிருந்தது. எங்கே போனது என்று விசாரிக்க என்னை அனுப்பினார்கள். ஐப்பசி மாதம். காலையிலிருந்து தூறிக்கொண்டே இருந்தது.

அந்த ஷெட்டுக்குள் முதன்முதலில் நுழைந்த நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மெழுகு உருகும் வெதுவெதுப்பும் மல்லிகை மணமும் கலந்து முகத்தில் படிந்தன. இரண்டு நிமிடத்தில் கண் சொருக ஆரம்பித்தது. ஆவி மேலே எழும்பி ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே வெள்ளையாக நின்றது. அதற்கு அடியில் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கைகள் மட்டும் படுவேகமாக ஓடிக்கொண்டிருந்தன. வெளியே மழைச் சத்தம், உள்ளே இந்த மணம். விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்பதே எனக்குச் சற்று நேரம் மறந்துபோனது. மனம் லேசாகி, எல்லோரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள்.

முதலாளி நாற்பது வயதுக்காரர். கரூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கடன் வாங்கி, பத்து வருடத்தில் இந்த ஷெட்டை நிமிர்த்தியவர். எண்ணெயைக் கம்பெனியே விற்றுவிட்டது என்று முடிவானால் அவருடைய அனுமதி ரத்தாகும், கம்பெனியை மூட வேண்டியதுதான். வேலைக்காரன் ஒருவன் திருடிவிட்டான் என்றால் கதை வேறு. அந்த எண்ணெய்க்கு உரிய வரியைக் கட்டிவிட்டுத் தொழிலைத் தொடரலாம். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் தன் அறைக்கு ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டார்.

ஸ்டோர் கீப்பர் பெயர் ஏழுமலை. பட்டாபிராமில் பரம்பரையாக இருக்கும் விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகப் போனபின் வேலைக்கு வந்தவர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். நான் கேள்வியே கேட்கவில்லை.

"நான்தான் எடுத்தேன்னு எய்திக்கோங்க மேடம்" என்றார்.

"எப்படி எடுத்துட்டுப் போனீங்க?"

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே எய்திக்கோங்க மேடம். எப்டி எய்தினா சரியா வரும்னு உங்களுக்குத்தான தெரியும்."

இந்த வாக்கியத்தைக் கேட்ட உடனே நான் பேனாவை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அந்த மணத்தில் மிதந்தபடி, "கேன்ல எடுத்தீங்களா?" என்றேன். தலையாட்டினார். "அஞ்சு லிட்டர் கேனா?" தலையாட்டினார். ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்றால் மூன்று டிரம்முக்கு எத்தனை நாள் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். அழகாகச் சரிப்பட்டு வந்தது. "சாயங்கால டிரெயின்ல வீட்டுக்குக் கொண்டுபோய், ஞாயித்துக்கிழமை பாரிஸ் கார்னர்ல வித்தீங்களா?" அதற்கும் தலையாட்டினார். இரண்டு பக்கம் நிறைந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் தன் கையெழுத்தில் எழுதி, கையொப்பமும் போட்டார். எனக்கு இரண்டாவது டீ வந்தது.

எங்கள் உதவி ஆணையருக்கு மகிழ்ச்சி. "வாக்குமூலம் கையில இருக்கு. இனிமே தேடறதுக்கு என்ன இருக்கு? திங்கட்கிழமை ரிப்போர்ட் வச்சிடுங்க. போலீஸ்ல கொடுத்துடலாம்" என்றார். ஏழுமலை ஸ்டாக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கும்வரை, இன்னும் ஒரு வாரம், வேலைக்கு வந்துபோக வேண்டியிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குத் திரும்பும் நேரம். அந்த வாக்குமூலத்தின் நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பீச் ஸ்டேஷனில் ஓடிவந்து கிடைத்த பெட்டியில் ஏறினேன். பெண்கள் பெட்டியை எட்டிப்பிடிக்க முடியவில்லை. பெரம்பூர் தாண்டியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். மழைத்துளி கண்ணாடியில் வழிய, கொரட்டூர் ஏரி என் தூக்கத்துக்கு வெளியே எங்கோ நகர்ந்து போனது. கனவில் ஏரி முழுக்க மல்லிகை மிதந்தது. தண்ணீரே தெரியாத அளவுக்குப் பூ. நான் கரையில் நின்று, இதை எந்த அளவில் குறிப்பது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கண் விழித்தேன். மணம் மட்டும் போகவில்லை. வண்டி பட்டரவாக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. வாசல் பக்கம் ஏழுமலை ஏறியிருந்தார்.

கும்பல் நடுவில் இருந்ததால் அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் அவர் ஏறியதைத் தெரிந்துகொண்டார்கள். தலைகள் திரும்பின. சிலர் சிரித்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டிய ஓர் இளைஞன், ஐ.டி. கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கியது, நகர்ந்து இடம் விட்டான்.

"அண்ணா, ஃபேனுக்குக் கீழ வந்து நில்லுங்க. எல்லாருக்கும் வரட்டும்."

வாசலருகே கூடையை மடியில் வைத்து ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா நைனா? நீ ஏறுனா என் பூவ எவ வாங்குவா? காசு குடுக்காமயே வாசன வந்துடுது" என்றார். இது தினமும் நடக்கும் பேச்சு என்று மற்றவர்கள் சிரித்ததில் தெரிந்தது.

ஏழுமலை சிரிக்கவில்லை.

பூக்காரம்மா அவரை உற்றுப் பார்த்தார். "இன்னா ஒரு மாரியா கீற? டப்பா எங்க? தெனம் அந்த ஒரு சோத்து டப்பாதான கொண்டாருவ. இன்னிக்கு அதுவும் இல்ல. சாப்ட்டியா இல்லியா?"

"பசிக்கலம்மா" என்றார் ஏழுமலை.

அவர் வெறுங்கையோடு கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். நான் என் கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் இருந்த தாளில், அவர் தினமும் இந்த வண்டியில் ஐந்து லிட்டர் கேனோடு போனார் என்று எழுதியிருந்தது.

பூக்காரம்மா ஆவடியில் இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். பிளாட்பாரத்தில் இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு, "மல்லி வாசனையா ஏறினாரே, அவர் எப்பவாவது கேன் ஏதாவது கொண்டு வருவாரா?" என்று கேட்டேன்.

"கேனா? இந்தக் கும்பல்ல கேன எங்க வெக்கறது? என் கூடைய வெக்கறதுக்கே தெனம் சண்ட. ஆறு வருசமா அந்தாள பாக்கறேன், டப்பாவத் தவிர ஒண்ணும் கிடையாது." அப்புறம் சந்தேகமாக என்னைப் பார்த்தார். "இன்னாத்துக்குக் கேக்கற? நீ யாரு?"

திரும்பிப் போகும் வண்டிக்காக எதிர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, வாக்குமூலத்தை வெளியே எடுத்துப் படித்தேன். "மேற்படி எண்ணெயை அவ்வப்போது ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள கேனில்" என்று தொடங்கியது. மேற்படி. கொள்ளளவு. ஏழுமலை தன் வாழ்நாளில் சொல்லியிருக்காத வார்த்தைகள். வரி வரியாகப் பார்த்தேன். கேன் என்னுடையது. ரயில் நான் தினமும் போகும் ரயில். பாரிஸ் நான் சோப்பு வாங்கும் பாரிஸ். அவர் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், 'நான்தான் எடுத்தேன்'. மீதி இரண்டு பக்கமும் நான் புனைந்த கதை. எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. திங்கட்கிழமை நான் அதை மேலே அனுப்பினால் அந்த மனிதர் என் வார்த்தைகளுக்காகச் சிறைக்குப் போவார்.

சனிக்கிழமை காலை மறுபடி ஷெட்டுக்குப் போனேன். இந்த முறை முதலாளியின் அறைக்குப் போகவில்லை. நேராக மெழுகு உருக்கும் அண்டாவிடம் போய், அங்கே பொறுப்பாக இருந்த கஸ்தூரியிடம் நின்றேன். முத்தாபுதுப்பேட்டைக்காரி, பேச்சில் கறார். அன்றைக்கும் தூக்கம் வந்தது. நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டே கேட்டேன்.

"எண்ணெயை எப்போ ஊத்துவீங்க?"

"உருகனதும்."

"உடனேயா, கொஞ்சம் ஆறவிட்டா?"

அவள் துடுப்பால் அண்டாவைக் கிண்டினாள். தூரத்தில் ஏழுமலை நின்று, வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார். கஸ்தூரி அதைப் பார்த்தாள். துடுப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன்ணா, நீ திருடன்னு பேர் வாங்கினு போவ, நான் ஊட்ல நிம்மதியா சோறு துண்ணணுமா?" என்றாள் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆறவுட்டுத்தான் ஊத்தணும் மேடம். அதான் முறை. கொதிக்கறப்ப ஊத்துனா ஆவியாப் பூடும். ஆனா ஆறுற வரைக்கும் கைய கட்டிகினு நிக்க நேரம் ஏது? வெள்ளிக்கிழம கன்டெய்னர் போவணும்பாங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்திடுவோம். அப்பால மோந்து பாத்தா வாசனையே இருக்காது. மறுபடி உருக்கி மறுபடி ஊத்துவோம். எண்ணெய்க்கு ஸ்டோர்ல சீட்டு எய்தி வாங்குனா மொதலாளிக்குத் தெரிஞ்சி பூடும். எங்களுக்காவ அண்ணன் சீட்டில்லாம குடுத்துச்சு."

முதலாளி எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "ஆறவிட்டு ஊத்துங்கன்னு நான் சொல்லித்தானே இருக்கேன்" என்றார்.

"சொன்னீங்க சார். சீக்கிரம் சீக்கிரம்னும் நீங்கதான சொன்னீங்க" என்றாள் கஸ்தூரி.

அவர் பக்கத்தில் இருந்த மெழுகுக் கட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கம்பெனி மூடினால் அறுபது பெண்களும் வீதிக்கு வந்துவிடுவார்கள், நீ ஒருவன் பொறுத்துக்கொள் என்று ஏழுமலையிடம் சொன்னவர் அவர்தான். ஏழுமலையும் அதை நியாயம் என்று நம்பியிருந்தார்.

அதற்கு மேல் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன், சோதனை முறைகளை நீங்கள் வகுப்பில் படித்துக்கொள்ளலாம். என் எதிரிலேயே இரண்டு அண்டா காய்ச்சினார்கள். ஒன்றில் கொதிக்கும்போது, மற்றதில் ஆறவிட்டு. ஒரே மணம் வருவதற்கு இரண்டுக்கும் எவ்வளவு எண்ணெய் பிடித்தது என்று நிறுத்துப் பார்த்தோம். ஆய்வுக்கூடமும் பிறகு அதையே சொன்னது. மூன்று டிரம் மல்லிகையும் அந்தக் கூரைக்கு அடியில்தான் காற்றாகப் போயிருந்தது. நான் முதல்நாள் கண் சொருக முகர்ந்து ரசித்ததும் அதைத்தான். காணாமல்போன எண்ணெய்க்கு நடுவில் உட்கார்ந்துகொண்டே அதைத் தேடியிருக்கிறேன்.

கடைசியில், அளவுக்கு மேல் செலவான எண்ணெய்க்கு மட்டும் வரி கட்டச் சொல்லி ஆணை வந்தது. திருட்டு இல்லை, கள்ள விற்பனை இல்லை. கம்பெனி நடந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஏழுமலையின் வாக்குமூலம் ஒன்று ஃபைலில் இருந்ததே, அதைக் கிழித்துப்போட முடியாது. அதிலுள்ள விவரங்கள் அவர் சொன்னவை அல்ல, நான் சொல்லிக் கொடுத்தவை என்று குறிப்பு எழுதி உதவி ஆணையரிடம் கொண்டுபோனேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "இதை எழுதித்தான் ஆகணுமா மேடம்? நீங்க ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு."

"இதை எழுதாம விட்டா ஃபைல்ல அந்தாள் திருடனாவே இருப்பார் சார்" என்றேன்.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். ஓய்வு பெறும் நாளில் என்னைப் பாராட்டிப் பேசியவர்கள் என் ஃபைல்களின் நேர்த்தியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது எனக்கு வலித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது மெமோவைப் பற்றி அல்ல. வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதாக ஏழுமலையும் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டியிருந்தது. அதற்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். அப்படியும் அவர் படியேறும்போதே பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா எய்தணும்னு சொல்லுங்க மேடம்."

என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. 'மேற்படி தேதியில் நான் அளித்த வாக்குமூலம்' என்று. முப்பத்தைந்து வருடப் பழக்கம் அவ்வளவு எளிதாகப் போய்விடுமா? வாயை மூடிக்கொண்டு எழுந்தேன்.

"என்ன நடந்ததோ அதை எழுதுங்க. நான் வெளியே இருக்கேன்."

"தப்பா எய்திட்டா?"

"தப்பா இருந்தாலும் உங்களுதா இருக்கட்டும்."

வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. உள்ளே பேனா ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். என் பதவிக்காலத்தில் ஒரு சாட்சியின் அறைக்கு வெளியே நான் சும்மா உட்கார்ந்திருந்தது அந்த ஒரு முறைதான். துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்தது. அறைக் கதவிடுக்கிலிருந்து மல்லிகை வந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் வெளியே வந்து தாளை நீட்டினார். நாலே வரி. அதில் முதலாளியைப் பற்றி எதுவும் இல்லை. என்னைப் பற்றியும் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் அவர் விட்டுவிட்டார். உதவி ஆணையர் அதைப் படித்துவிட்டு, இதை எப்படி ஃபைலில் வைப்பது என்று கேட்கவில்லை. ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். எத்தனையோ பக்கம் இருந்த அந்த ஃபைலில் என் வார்த்தை ஒன்றுகூட இல்லாத தாள் அதுதான். எழுத்துகள் பெரிது பெரிதாக, கோடு தாண்டி, இப்படி இருந்தன:

"எண்ணெய நான் எடுக்கல. அதுவாத்தான் என் சட்டையில ஏறி என்கூட ஊட்டுக்கு வந்துச்சு. என் சம்சாரம் தினம் துவைச்சிப் பாத்துது, போவல. இதத் தவிர நான் ஒண்ணும் எடுத்துகினு போவல."